ஊசியும் தறியும் பெற்ற வண்டிகள்

(சேலத்தில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், தறி வேலையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் நண்பர்களுக்கும், பட்டறைத் தம்பிகளுக்கும், பாலிடெக்னிக் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு அடிவாரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையேற வண்டிகள் வரிசை கட்டி வரும். அதில் புல்லட் சத்தம் தனியாகக் கேட்கும். புல்லட் செய்த கம்பெனி முதலில் என்ன செய்தது என்று கேட்டால் நம் பிள்ளைகள் உடனே 'துப்பாக்கி' என்பார்கள். பாதி சரி. துப்பாக்கிக்கும் முன்னால் அந்தத் தொழிற்சாலை செய்தது தையல் ஊசி.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரெட்டிச் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்கப் புழங்கிய ஊசியில் பெரும்பங்கு அந்த ஊரிலிருந்தும் அதன் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும்தான் போனது. அங்கே ஹன்ட் எண்ட் என்ற இடத்தில் 1851-இல் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் ஊசிப் பட்டறை வைத்தார்.

ஊசி செய்வதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் எஃகுக் கம்பியை இழுத்து மெல்லிசாக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சுக்குள் அச்சாக விட்டு இழுக்கிற அதே வேலைதான், உலோகம் மட்டும் முரட்டு உலோகம். பிறகு இரண்டு ஊசி நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டி நிமிர்த்தி, இரண்டு முனையையும் சாணைக்கல்லில் கூர் தீட்டுவார்கள். நடுவில் இரண்டு காது குத்தி, இரண்டாக ஒடித்து, பழுக்கக் காய்ச்சித் துவைச்சல் கொடுத்து, கடைசியில் நாள் கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள். முனை தீட்டுகிறவர்களுக்குக் கூலி அதிகம், ஆயுள் குறைவு. கல் தூசியும் எஃகுத் தூசியும் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். இளவயதிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். ராயல் என்ஃபீல்டின் வரலாற்றைப் பெருமையோடு பேசுகிறவர்கள் இந்த மனிதர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கம்பியை இழுக்கவும் நிமிர்த்தவும் கடினப்படுத்தவும் தெரிந்த ஊருக்கு 1880-களில் சைக்கிள் மோகம் வந்து சேர்ந்தது. டவுன்சென்ட் பட்டறை சைக்கிள் உதிரிப் பாகங்களும், அப்புறம் முழுச் சைக்கிளும் செய்ய ஆரம்பித்தது. ஆனால் கணக்கு கைகூடவில்லை. 1891-இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் கையில் கம்பெனி வந்தது. என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குத் துல்லியமான உதிரி பாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அதை ஒட்டித்தான் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரும், 'துப்பாக்கி போலச் செய்தது' என்ற விளம்பர வாசகமும் வந்தன. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-இல் புல்லட்.

மிச்சக் கதை நம் பக்கத்தது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற சென்னை நிறுவனமும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்துக் கம்பெனியே இல்லாமல் போனது. 1977-இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கு விற்பனைக்குப் போனது! தாய்வீடு மூடிய பத்தே ஆண்டில் இது நடந்தது. வட சென்னைத் தொழிலாளிகள் செய்த இந்தக் காரியத்தை நாம் இன்னும் சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் எண்ணம்.

நான் டர்னர் பிரிவில் நெடுங்காலம் பாடம் எடுத்தவன். லேத் முன்னால் நிற்கிற பையனிடம் எப்போதும் சொல்வேன்: நீ கற்றுக்கொள்வது போல்ட் செய்வதற்கு அல்ல, அளவில் நிற்பதற்கு. அளவில் நிற்கத் தெரிந்த கைக்கு எது வந்தாலும் செய்ய முடியும். இன்று நான் சொல்ல வந்ததும் அதுதான். உலகத்தில் பேர் பெற்ற வண்டிக் கம்பெனிகளில் மிகப் பல வண்டி செய்வதற்காகத் தொடங்கப்படவில்லை. வேறொரு தொழில் நடந்துகொண்டிருந்தது. சந்தை சரிந்தது, அல்லது போர் வந்தது, அல்லது போர் நின்றது. கையில் மிஞ்சியது எந்திரங்களும் தொழில் தெரிந்த ஆட்களும். அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற தவிப்பில் பிறந்தவைதான் இந்த வண்டிகள். பழைய தொழிலின் குணம் வண்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கும். கவனித்தால் தெரியும்.

துப்பாக்கியிலிருந்து வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் ஒரு காலத்தில் பிஎஸ்ஏ சைக்கிள் இல்லாத வீடு குறைவு. அம்பத்தூரில் செய்தது. அந்தப் பெயரின் மூலம், 1861-இல் பர்மிங்ஹாம் நகரத் துப்பாக்கித் தொழிலாளிகள் ஒன்றுகூடித் தொடங்கிய கம்பெனி. அதன் பழைய முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தியிருப்பது தெரியும். ராணுவ ஆர்டர் இல்லாத காலத்தில் வயிற்றுப்பாட்டுக்குச் சைக்கிள், 1910 முதல் மோட்டார் சைக்கிள். ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா இன்னும் பழையது. 1689-இல் மன்னருடைய படைக்குத் துப்பாக்கி செய்த ஆலை. பிறகு தையல் மெஷின், சைக்கிள், 1903-இல் மோட்டார் சைக்கிள். ஜாவா வண்டியை மைசூரில் செய்தார்கள், அதனால் நம் பக்கத்துப் பெரியவர்கள் பலரும் ஓட்டியிருப்பீர்கள். அதைத் தொடங்கிய செக் நாட்டுக்காரர் ஃப்ரான்டிஷெக் யானெசெக்கும் ஆயுதம் செய்தவர்தான். ஆயுத ஆர்டர் குறைந்ததும் 1929-இல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளின் உரிமையை வாங்கினார். தன் பெயரின் முதல் எழுத்துகளையும் வாண்டரரின் முதல் எழுத்துகளையும் சேர்த்ததுதான் ஜாவா.

தையல் மெஷின் கிளை இன்னொன்று. ஜெர்மனியில் ஆடம் ஓப்பல் 1862-இல் தன் முதல் தையல் மெஷினை மாட்டுக் கொட்டகை ஒன்றில் செய்தார். 1886-இல் சைக்கிள். 1895-இல் அவர் காலமான பிறகு, மனைவி சோஃபியும் ஐந்து மகன்களும் சேர்ந்து 1899-இல் காருக்கு வந்தார்கள். என்எஸ்யு என்ற கம்பெனி 1873-இல் பின்னல் எந்திரம் செய்யத் தொடங்கி, 1950-களின் நடுவில் உலகத்திலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்கிற கம்பெனி என்ற இடத்துக்குப் போனது. ட்ரயம்ப் மோட்டார் சைக்கிள் கம்பெனியை நிறுவிய சீக்ஃப்ரீட் பெட்மன் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்து இங்கிலாந்தில் தையல் மெஷின் விற்றவர். ஏன் இத்தனை பேர் தையல் மெஷினிலிருந்து வந்தார்கள்? சின்னச் சின்ன எஃகுப் பாகங்களை ஒன்றுபோல் ஆயிரக்கணக்கில் செய்கிற பழக்கம் முதலில் அந்தத் தொழிலில்தான் ஊன்றியது. இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் பேசுவதில்லை. ஊர் ஊராக ஏஜென்ட் வைத்து, தவணையில் பொருள் கொடுத்துப் பணம் வசூலிக்கிற முறையைப் பரவலாக்கியவர்கள் தையல் மெஷின்காரர்கள். சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்த வழி தயாராக இருந்தது.

பிரான்ஸின் பியூஜோ கார் கம்பெனியைத் தொடங்கிய குடும்பம் 1810-இல் தங்கள் மாவு மில்லை எஃகுப் பட்டறையாக மாற்றியது. ரம்பம், காபிக்கொட்டை அரைக்கும் மெஷின், மிளகு அரைக்கும் கருவி, அந்தக் காலப் பெண்களின் அகலப் பாவாடைக்கு எஃகு வளையம் என்று என்னென்னவோ செய்தார்கள். காரில் இருக்கிற சிங்கம் முதலில் ரம்பத்தில் இருந்த சிங்கம். பியூஜோ பெயர் போட்ட மிளகு அரைவை இன்றும் கடையில் கிடைக்கிறது.

ஸ்கோடாவின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், நம் மனசுக்கு நெருக்கமானது. வாட்ஸ்லாவ் க்ளெமென்ட் புத்தகக் கடைக்காரர். செக் நாட்டின் ம்லாடா பொலெஸ்லாவ் என்ற ஊர். அப்போது அந்த நாடு ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. ஜெர்மன் கம்பெனி ஒன்றின் சைக்கிளை வாங்கினார், பழுதானது. அந்தக் கம்பெனியின் கிளைக்குத் தன் தாய்மொழியான செக்கில் கடிதம் எழுதினார். எங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதினால்தான் பதில் என்று ஜெர்மனில் பதில் வந்தது. சொந்த ஊரில், சொந்த மொழியில் கேட்டதற்கு வந்த பதில் அது. 1895-இல் வாட்ஸ்லாவ் லாரின் என்ற மெக்கானிக்கோடு சேர்ந்து க்ளெமென்ட் சொந்தமாகச் சைக்கிள் செய்யத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'ஸ்லாவியா'. 1899-இல் மோட்டார் சைக்கிள், 1905-இல் கார். 1925-இல் இது ஸ்கோடாவோடு இணைந்தது. இன்று நம் ரோட்டில் ஓடுகிற ஒரு ஸ்கோடா காருக்கு அந்தப் பழைய சைக்கிளின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி தறிக்கு வருகிறேன். அம்மாப்பேட்டையிலிருந்தும் குகையிலிருந்தும் இளம்பிள்ளையிலிருந்தும் வந்திருப்பவர்களுக்காகவே இதை எடுத்துவைத்திருந்தேன்.

ஜப்பானில் ஹமாமட்சு என்றொரு நகரம். டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் நடுவில், கடலோரம். ஹோண்டா, சுசுகி, யமஹா மூன்றுக்கும் பிறப்பிடம் அந்த ஒரே ஊர்தான். டொயோட்டாவைத் தொடங்கிய குடும்பத்தின் சொந்த ஊரான கொசாய் அதை ஒட்டியே இருக்கிறது. இது எப்படி நடந்தது? அந்தச் சீமையில் பருத்தி விளைந்தது, வீட்டுக்கு வீடு தறி ஓடியது. டென்ரியூ ஆற்றின் மேல்பக்கத்துக் காடுகளிலிருந்து மரம் வந்தது. மரம் இருந்ததால் தச்சர்கள். தச்சர்கள் இருந்ததால் தறி செய்கிறவர்கள். வேரைத் தேடினால் இதில்தான் போய் நிற்கும்.

அந்தக் கொசாய்க் குடும்பத்துச் சாகிச்சி டொயோடா 1867-இல் பிறந்தார், தச்சர் மகன். அம்மா இரவெல்லாம் கைத்தறியில் உட்கார்ந்து நெய்வதைப் பார்த்து வளர்ந்தார். அந்த உழைப்பைக் குறைக்க வேண்டும் என்பதே அவருக்கு வாழ்நாள் வேலையாகிவிட்டது. 1890-இல் ஒரு மரத்தறி செய்தார், குறுக்கு நூலை ஏந்திப் போகும் நாடாவை ஒரு கையாலேயே ஓடவிடலாம். 1896-இல் விசைத்தறி. 1924-இல் வந்த 'ஜி' வகைத் தானியங்கித் தறிதான் பெரிய காரியம். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, நூல் தீர்ந்த நாடா வெளியே போய் நூல் நிறைந்த நாடா உள்ளே வரும். வேகம் குறையாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்தால், குறுக்கே ஓடும் ஊடை அறுந்தால், தறி தானே நின்றுவிடும்.

இந்த 'தானே நின்றுவிடும்' என்பதன் அருமை விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் முழம் முழமாகத் துணி பாழ். அதனால் ஓர் ஆள் ஒன்றிரண்டு தறிக்கு மேல் பார்க்க முடியாது, கண் அதிலேயே இருக்க வேண்டும். தவறு நடந்த நொடியில் எந்திரமே நின்றால், ஒருவர் பல தறிகளைப் பார்க்கலாம். நெசவாளியின் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். பிற்காலத்தில் டொயோட்டா கார் ஆலையில் பிழையைக் கண்ட தொழிலாளி எவரும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்று விதி வைத்தார்கள். உலகத்து மேலாண்மைப் படிப்புகளிலெல்லாம் அதைப் பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். அறுந்த நூலைக் கண்டு நின்ற தறியின் அறிவுதான் அது. நெசவுத் தொழிலைப் பழசு, போக்கற்றவர்கள் செய்வது என்று பேசுகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

1929-இல் அந்தத் தறியின் காப்புரிமையை இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் கம்பெனி 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. பழைய நூல் மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு பிளாட் என்ற பெயர் நினைவிருக்கும். நம் நாட்டு மில்கள் பலவற்றில் அவர்கள் எந்திரம் ஓடியது. உலகத்துக்கே நெசவு எந்திரம் விற்ற கம்பெனி, தச்சர் மகனிடம் வந்து பணம் கட்டி வாங்கியது. மறு வருடம் சாகிச்சி காலமானார். அவருடைய மகன் கீச்சிரோவுக்குக் கார் மேல் ஆசை. தறிக் கம்பெனிக்குள்ளேயே 1933-இல் மோட்டார் பிரிவு தொடங்கினார். 1937-இல் அது டொயோட்டா மோட்டார் என்று தனியாகப் பிரிந்தது.

சுசுகியும் தறிதான். மிச்சியோ சுசுகி தச்சு வேலை பழகியவர். முதல் தறியைத் தன் அம்மாவுக்காகச் செய்தார். 1909-இல் ஹமாமட்சுவில், பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகையில் பட்டறை போட்டார். வேறு வேறு நிற ஊடையை மாற்றி மாற்றிப் போட்டுக் கோடும் கட்டமும் நெய்கிற தறியில் அவர் தேர்ந்தவர். டிராப் பாக்ஸ் போட்ட தறி என்று இங்கே சொல்கிறோமே, அந்த வகை வேலை. பிறகு சாரோங் நெய்வதற்கென்றே ஒரு தறி செய்து தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பினார். சாரோங் என்றால் வேறென்ன, நம் கைலிக்கு அக்கா தங்கை உறவு.

1930-களிலேயே சுசுகி கார் செய்து பார்த்தார்கள். போர் வந்து நின்றது. போர் முடிந்து தறி வியாபாரம் மறுபடி எழுந்தது. 1951-இல் பருத்திச் சந்தை சரிந்ததும் அதுவும் விழுந்தது. அப்போதுதான் 1952-இல் சைக்கிளில் பொருத்துகிற 36 சிசி எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1954-இல் கம்பெனியின் பெயரில் மோட்டார் சேர்ந்தது. முப்பது வருடம் கழித்து நம் ஓசூருக்கும் வந்தார்கள். இன்ட்-சுசுகி 100 சிசி வண்டியை இந்த மண்டபத்தில் பலர் ஓட்டியிருப்பீர்கள். 1983-இல் வந்த மாருதி 800 இன்னும் பெரிய கதை. அந்த முடிவை எடுத்த ஒசாமு சுசுகி, சுசுகி குடும்பத்துக்கு மருமகனாக வந்து, சுவீகார மகனாக ஏற்கப்பட்டவர். 2024 டிசம்பரில்தான் காலமானார்.

யமஹாவின் முத்திரையை உற்றுப் பாருங்கள். மூன்று சுருதிக் கவைகள் (டியூனிங் ஃபோர்க்), குறுக்கும் நெடுக்குமாக. சங்கீதக் கம்பெனியின் அடையாளம். டோராகுசு யமஹா கடிகாரமும் மருத்துவக் கருவிகளும் பழுது பார்க்கிறவர். 1887-இல் ஹமாமட்சு பள்ளிக்கூடத்தில் இருந்த ஆர்கன் என்ற ஓர் அயல்நாட்டு வாத்தியம் ரிப்பேர் ஆனது. அவரைக் கூப்பிட்டார்கள். பழுது பார்க்கும்போதே உள்ளே இருப்பதையெல்லாம் வரைந்து வைத்துக்கொண்டார். பிறகு தானே ஒன்று செய்தார். அது சரியா தவறா என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. நண்பர் ஒருவரோடு சேர்ந்து, ஆர்கனைக் கழியில் கட்டித் தோளில் சுமந்து, ஹகோனே மலையைத் தாண்டி டோக்கியோவுக்கே நடந்தார்கள். வழி ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அங்கே இசைக் கல்லூரியில் கேட்டுவிட்டு, செய்நேர்த்தி நன்றாக இருக்கிறது, சுருதிதான் சேரவில்லை என்றார்கள். மனிதர் சோர்ந்து திரும்பவில்லை. அங்கேயே தங்கிச் சுருதி சேர்ப்பது எப்படி என்று படித்துவிட்டு வந்து அடுத்ததைச் செய்தார். 1897-இல் கம்பெனி, அப்புறம் பியானோ. இந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பியானோ செய்கிறவர்களுக்கு மரத்தை அடுக்கடுக்காக ஒட்டி, வளைத்து, வழவழப்பாகச் செதுக்கத் தெரியும். அதனால் 1920-களில் விமான மரப் புரோப்பெல்லர் செய்யும் வேலை அவர்களிடம் வந்தது. போர்க்காலத்தில் உலோகப் புரோப்பெல்லரும் செய்தார்கள். போர் முடிந்ததும் எந்திரங்கள் சும்மா கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று யோசித்த கம்பெனித் தலைவர் கெனிச்சி காவாகாமி 1955-இல் 125 சிசி மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தார். வடிவம் ஜெர்மனியின் டிகேடபிள்யு வண்டியைப் பார்த்துச் செய்தது. செம்பழுப்பு நிறம், ஜப்பானியர்கள் அதைச் செந்தும்பி என்று செல்லமாக அழைத்தார்கள். அதே வருடம் ஃபூஜி மலையேற்றப் பந்தயத்தில் ஜெயித்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பரம்பரையில் வந்த ஆர்எக்ஸ் 100-இன் சத்தத்தை நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வார்கள்.

இதில் ஹோண்டா எங்கே என்று கேட்பீர்கள். சோய்ச்சிரோ ஹோண்டா 1906-இல் பிறந்தார். அப்பா கொல்லர், சைக்கிள் பழுது பார்ப்பவர். அம்மா நெசவுக்காரி. போர்க்காலத்தில் அவர் எஞ்சினுக்குள் போடுகிற பிஸ்டன் ரிங் செய்து டொயோட்டாவுக்குக் கொடுத்தார். யமஹா ஆலையின் புரோப்பெல்லர்களைத் தானாகச் செதுக்கும் எந்திரத்தை வடிவமைத்துத் தந்தவரும் அவர்தான். பின்னாளில் பந்தயக் களத்தில் ஒருவரையொருவர் துரத்திய கம்பெனிகள், அன்று ஒருவர் பட்டறைக்கு ஒருவர் எந்திரம் செய்து கொடுத்திருக்கிறார்கள்! போர் முடிந்ததும் ரிங் கம்பெனியில் தன் பங்கை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு, புது மாதிரித் தறி ஒன்றைச் செய்ய முயன்றார். முதல் பற்றவில்லை, கைவிட்டார்.

1946-இல் ராணுவ வயர்லெஸ் பெட்டிக்கு மின்சாரம் தரும் சின்ன எஞ்சின்கள் அவர் கண்ணில் பட்டன. போர் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்தவை. அதில் ஒன்றைச் சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டாங்க் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் ஊற்றி வைக்கும் குடுவையை டாங்காக மாட்டினார். மனைவி சாச்சி ஓட்டிப் பார்த்தார். பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பைன் மர எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். எஞ்சின்கள் ஏறக்குறைய 500-ம் தீர்ந்த பிறகு, சொந்தமாக எஞ்சின் செய்தார். 1948-இல் ஹோண்டா மோட்டார். அந்தச் சில ஆண்டுகளில் ஹமாமட்சுவில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் இருந்தன. மூன்றுதான் மிஞ்சின. மற்றவர்களும் உழைத்தவர்கள்தான், அதையும் மறக்கக்கூடாது.

இத்தாலியிலும் இதே போர்க்கதை. டுகாட்டி சகோதரர்கள் மூவர் 1926-இல் போலோக்னா நகரில் ரேடியோ பாகங்கள் செய்தவர்கள். 1944 அக்டோபரில் ஆலையில் குண்டு விழுந்தது. அதன் பிறகுதான் சைக்கிளில் பொருத்தும் சின்ன எஞ்சின், அதிலிருந்து மோட்டார் சைக்கிள். பியாஜியோ 1884-இல் கப்பலுக்குள் மரவேலை செய்யத் தொடங்கி, ரயில் பெட்டிக்கும் விமானத்துக்கும் போனது. போரில் அந்த ஆலையும் நொறுங்கியது. கொராடினோ டஸ்கானியோ என்ற ஹெலிகாப்டர் வல்லுநரைக் கூப்பிட்டு இருசக்கர வண்டி கேட்டார்கள். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. கை அழுக்காகும், செயின் துணியைக் கெடுக்கும், டயர் பஞ்சரானால் கழற்றுவது பாடு. அந்த மூன்று குறையும் இல்லாமல் 1946-இல் வெஸ்பாவைச் செய்தார். அதன் முன்சக்கரம் ஒரே பக்கத் தண்டில் தொங்கும், கவனித்திருப்பீர்கள். விமானச் சக்கரத்தைத் தாங்குகிற முறை அது. 1948-இல் அதற்கு மூன்றாவது சக்கரம் வைத்தார்கள். நம் ஐந்து ரோட்டில் சரக்கும் ஆளும் ஏற்றிப் போகிற ஆப்பே அந்த வழியில் வந்ததுதான்.

பிஎம்டபிள்யு விமான எஞ்சின் செய்தது, முதல் உலகப்போருக்குப் பின் விமான எஞ்சின் செய்யத் தடை வந்தது, 1923-இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது, இதெல்லாம் உண்மை. ஆனால் அதன் முத்திரை சுழலும் விமானக் காற்றாடி என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது சரியல்ல. நீலமும் வெள்ளையும் பவேரிய மாநிலத்தின் நிறங்கள். காற்றாடியோடு அதைச் சேர்த்தது 1929-இல் வந்த ஒரு விளம்பரப் படம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல கதை என்பதற்காக ஒன்றை நம்பிவிடக்கூடாது.

நம் ரோட்டு வண்டிகளுக்கு வருவோம். சங்ககிரி லாரிக்காரர்கள் யாராவது வந்திருக்கிறீர்களா? கை தூக்குங்கள். சரி. உங்கள் லேலண்டின் முன்னோர் புல் வெட்டும் மெஷின். இங்கிலாந்தில் லேலண்ட் என்ற சிற்றூர். அங்கே கொல்லர் குடும்பத்து ஜேம்ஸ் சம்னர் நீராவியில் ஓடும் புல்வெட்டி செய்து விற்றார். 1896-இல் அந்த அறிவை வைத்து ஒன்றரை டன் நீராவி வேன் செய்தார்கள். சென்னையில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் காரின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தந்தது. அதைத் தொடங்கிய ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார். 1955-இல் இரண்டு பெயரும் சேர்ந்தன.

ஏற்காட்டு எஸ்டேட் ரோடுகளில் ஏறுகிற ஜீப்பின் கம்பெனி 1945-இல் இரும்பு வியாபாரத்துக்குத் தொடங்கியது. அப்போது பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போனார். 1947-இல் ஜீப் வந்தது. டிவிஎஸ் 1911-இல் மதுரையில் தொடங்கி, பேருந்து ஓட்டி வளர்ந்த குடும்பம். 1980-இல் ஓசூரில் டிவிஎஸ் 50 வந்தபோது, பாவு நூல் மூட்டையும் சேலைக் கட்டும் அதில்தான் ஏறின. 1898-இல் தொடங்கிய இங்கிலாந்தின் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் கம்பெனியை 2020-இல் அதே டிவிஎஸ் வாங்கியது.

(பேச்சு முடிந்து கேள்வி நேரத்தில், பொன்னம்மாப்பேட்டை விசைத்தறிக்காரர் ஒருவர், 'வண்டி வந்ததும் தறியை விட்டுவிட்டார்களா ஐயா?' என்று கேட்டார். அதற்குச் சொன்ன பதில்.)

நல்ல கேள்வி அண்ணா. எல்லாரும் விடவில்லை. 1926-இல் சாகிச்சி டொயோடா தொடங்கிய தறிக் கம்பெனி அப்படியே இருக்கிறது. ஜப்பானியப் பதிவேட்டில் அதன் பெயரில் இன்னும் தானியங்கித் தறி என்றுதான் இருக்கிறது. கிடங்குகளில் மூட்டை தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் செய்கிறார்கள், கார் எஞ்சின் செய்கிறார்கள், கூடவே நாடா இல்லாமல் காற்றை ஊதி ஊடை நூலைக் கடத்துகிற ஏர்ஜெட் தறியும் செய்கிறார்கள். ஏர்ஜெட் தறியில் உலகத்தின் முன்னணி நிறுவனங்களில் அவர்களும் ஒருவர். பல்லடம், ஈரோடு பக்கம் பெரிய நெசவாலைக்குப் போனால், ஓடுகிற தறியின் பக்கவாட்டில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.